பழைய கைக்குப் புது விலை

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. கூடலூர் கடைவீதியில் எங்கள் கடை வாசலில் லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. லோடுமேன் தம்பிகள் இருவர் பாதி மூட்டைகளை லாரியிலேயே விட்டுவிட்டு ஒரு செல்போனைப் பார்த்தபடி நின்றார்கள். என்னவென்று அதட்டினால், "ஜடேஜாவ ராஜஸ்தானுக்குக் குடுத்துட்டாங்களாம்ணே. பதினெட்டுல இருந்தவரு பதினாலுக்குப் போறாராம்" என்று பதில் வந்தது. சிட்டை போட வந்திருந்த குமுளி வியாபாரி ஒருவர், "பன்னெண்டு சீசன் ஆடுன மனுசன, நாலு கோடியக் கொறச்சா அனுப்புவாங்க?" என்று கொதித்தார். "கொறச்சாலும் பதினாலு கோடி அண்ணாச்சி, நீங்க அழுவாதீங்க" என்றான் ஒரு தம்பி. அன்று அந்த லாரி காலியாக ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது.

வணிகர் இதழில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். விளையாட்டில் நமக்குப் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் அன்று வாசலில் நடந்தது விலைப் பேச்சு. வயது ஏறிவிட்ட, பேர் எடுத்துவிட்ட ஓர் ஆட்டக்காரரின் அடுத்த ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்புப் போடுவது என்கிற பேச்சு. மதிப்புப் போடுவதுதானே நமது பிழைப்பு? அதுமட்டுமல்ல. நம்மில் பலருடைய கடையில் இருபது, முப்பது வருடம் நின்ற கை ஒன்றாவது இருக்கும். புதுக்கணக்குப் போடும்போதெல்லாம் அந்தக் கைக்கு இனி என்ன கொடுப்பது என்ற கேள்வி மனதில் வரும். வாய்விட்டுப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுவோம். நாம் மூடிவைக்கிற அந்தக் கணக்கை இந்த கிரிக்கெட் அணிகள் ஊரறியப் போடுகின்றன. அந்த அளவில் அவர்களுடைய பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் தோனியின் பக்கம். 2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை அணி அவரை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடி ரூபாய். அந்த ஏலத்திலேயே அதுதான் மிக உயர்ந்த விலை. பிறகு 2018-இல் 15 கோடி, 2022-இல் 12 கோடி, 2025-க்கு 4 கோடி. இந்தத் தொகைகளை மட்டும் வரிசையாகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. மளிகைக்காரர் பார்ப்பதுபோல, கையில் இருந்த முதலில் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். 2008-இல் ஒவ்வோர் அணியும் ஏலத்தில் செலவழிக்கலாம் என்று அனுமதித்த தொகை 50 லட்சம் டாலர். அதில் 15 லட்சம் ஒரே ஆளுக்கு. நூறு ரூபாய் முதலில் முப்பது ரூபாயை ஒரே சரக்கில் போட்ட மாதிரி. 2018-இல் முதல் 80 கோடி. தோனியின் பங்கு நூற்றுக்குப் பத்தொன்பது. 2022-இல் முதல் 90 கோடி, பங்கு பதின்மூன்று. 2025-இல் முதல் 120 கோடி. பங்கு மூன்று ரூபாய் முப்பத்து மூன்று காசு.

முப்பதிலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. பதினேழு ஆண்டில் ஓர் ஆளின் விலை இப்படித்தான் இறங்கும், இறங்கவும் வேண்டும். அந்தப் பதினேழு ஆண்டில் 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை கோப்பை வந்திருக்கிறது. அதற்கான கூலி அந்தந்த ஆண்டிலேயே கொடுத்துத் தீர்ந்துவிட்டது. 2010-இல் கிடைத்த கோப்பைக்காக 2025-இல் மறுபடி பணம் கொடுக்க முடியாது.

இந்த 4 கோடி வந்த விதம் கொஞ்சம் வேடிக்கையானது. ஐந்து காலண்டர் ஆண்டுகளாகச் சர்வதேசப் போட்டியில் ஆடும் பதினொருவரில் இடம்பெறாத, வாரியத்தின் ஒப்பந்தமும் இல்லாத இந்திய ஆட்டக்காரரை, இந்திய அணிக்கு ஆடவே ஆடாத புதியவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பழைய விதி ஒன்று இருந்தது. 2021-க்குப் பிறகு அது கிடப்பில் கிடந்தது. 2025-க்காகத் திரும்ப எடுத்தார்கள். தோனி இந்தியாவுக்குக் கடைசியாக ஆடியது 2019 ஜூலையில், மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதி. ஆகவே உலகக் கோப்பை வென்ற கேப்டன், புதிதாகச் சேர்ந்த பையன் வரிசையில் 4 கோடிக்குப் பதிவானார். விதியை அவருக்காகவே கொண்டுவந்தார்கள் என்று பலரும் முணுமுணுத்தார்கள். இருக்கட்டும். வரிச் சலுகை வந்தால் நாம் மட்டும் வேண்டாம் என்கிறோமா?

நமக்கு முக்கியம், 4 கோடி சரியான விலையா என்பது. இதற்கு நம் கடைச் சரக்கை வைத்தே பதில் தேடலாம். பழசானால் விலை ஏறுகிற சரக்கு உண்டு. பழசானால் விலை இறங்குகிற சரக்கும் உண்டு. அரிசி முதல் வகை. புது அரிசி குழையும். பழைய அரிசி உதிரியாக வடியும், சோறும் கூடுதலாகக் காணும். அதனால் மூட்டைக்கு விலையும் கூடுதல். ஏலக்காய் இரண்டாம் வகை. போடி ஏலத்துக்குப் போய்வருகிற நம் வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. நிறம், பருமன், லிட்டர் எடை இவற்றைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். போன பருவத்துக் காய் என்றால் பச்சை மங்கி, மணம் குறைந்திருக்கும். எந்த எஸ்டேட் பேரைச் சொன்னாலும் விலை போகாது.

வயதான ஆட்டக்காரர் இந்த இரண்டில் எது? இரண்டும்தான் என்பதுதான் சிக்கல். அவர் தலைக்குள் இருப்பது அரிசி. முழங்கால், கண், தோள் எல்லாம் ஏலக்காய். ஒரே சாக்கில் இரண்டும் கலந்து கிடக்கிறது. மொத்தமாகத் தூக்கி எடை போட்டால் எந்த விலையும் தப்பாகத்தான் போகும்.

2024 சீசனில் தோனி 73 பந்துகளை மட்டுமே சந்தித்தார். 161 ஓட்டம் எடுத்தார். மூன்றே முறைதான் ஆட்டமிழந்தார். கடைசி இரண்டு ஓவருக்கு மட்டும் வந்து ஆடிய கணக்கு இது. அவரிடம் மிச்சமிருந்த ஏலக்காயை அளந்து அளந்து செலவழித்திருக்கிறார்கள். 2025-இல் அணி சரிந்தது. ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை முறிந்து வெளியேற, கேப்டன் வேலையும் தோனியின் தலையில் விழுந்தது. கூடுதல் நேரம் மட்டையோடு நிற்க வேண்டியிருந்தது. 145 பந்துகளில் 196 ஓட்டம். முந்தைய ஆண்டு நூறு பந்துக்கு 220 என்றிருந்த வேகம் 135-க்கு இறங்கிவிட்டது. 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று, சென்னை அணி தன் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. ஒரே சரக்குதான். அளவோடு கொடுத்தபோது லாபம் தந்தது. கையிருப்புக்கு மேல் ஆர்டர் எடுத்தபோது கைவிட்டது.

ஆனாலும் அந்த 4 கோடி தண்டம் என்று நாம் சொல்லமாட்டோம். அவர் நிற்கிறார் என்பதற்காகவே வெளியூர் மைதானங்களும் மஞ்சள் நிறமாயின. டிக்கெட், விளம்பரம், பனியன் விற்பனை என்று கணக்கிட்டால் 4 கோடி ஒரு பொருட்டே இல்லை. பேருக்கு விலை உண்டு. நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம் என்ற பேருக்கே ஒரு மதிப்பு வந்திருக்கிறது. அதே சமயம் அந்தப் பேர் புளித்த கொத்தை இனிப்பாக்கிவிடாது என்பதும் திராட்சை வாங்குகிறவருக்குத் தெரியும்.

சென்னை அணி கொடுத்த உண்மையான விலை வேறு. அது ரூபாயில் இல்லை, இடத்தில் இருந்தது. பதினொரு பேரில் ஓர் இடம் என்பது சின்னக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து அலமாரி மாதிரி. அதில் ஒரு பொருளை வைத்தால் இன்னொன்றை வைக்க முடியாது. 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக 197 ஓட்டம் தேவைப்பட்டபோது, தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். அஸ்வினுக்கும் பிறகு! 16 பந்தில் 30 ஓட்டம் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். அணி 50 ஓட்டத்தில் தோற்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னை அணியைப் பெங்களூர் அணி வென்றது அன்றைக்குத்தான். அவருடைய முழங்கால் முன்பு போல இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட முடியாது என்று அடுத்த சில நாளில் பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். ஆட முடியாதவர் என்றால் ஏன் பதினொருவரில்? ஆட முடிந்தவர் என்றால் ஏன் ஒன்பதாவது? இந்தக் கேள்விக்கு 4 கோடி என்பது பதில் ஆகாது.

இந்த இடத்தில் எங்கள் கடையின் கதையைச் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் கணக்கில் மட்டும் பிழை கண்டுபிடிப்பது அழகல்ல.

எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து சரக்குப் பார்க்க ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம். எங்களைச் சிறு பிள்ளையிலிருந்து பார்த்தவர். முதலாளி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, தம்பி என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அவரை அண்ணன் என்போம். மல்லி, மிளகாய், புளி எது வந்தாலும் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்து, இறக்கலாமா வேண்டாமா என்று அவர்தான் சொல்வார். ஜீப்பில் மலைக்கு எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களில் யாருக்கு எவ்வளவு பற்றுக் கொடுக்கலாம், யார் வீட்டில் விசேஷம், யாருக்குச் சம்பளம் எந்தக் கிழமை என்பதெல்லாம் அவர் மனதில் பேரேடாக இருந்தது. அறுபதை நெருங்கும்போது முழங்கால் போய்விட்டது. ஒரு பங்குனி மாதக் கடைசியில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, இனிமே மூட்டைக்குப் பக்கத்துல நாளெல்லாம் நிக்க முடியாது. காலையில வந்து மதியம் போயிர்றேன். சம்பளத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்றார்.

நாங்கள் கணக்குப் போட்டோம். பாதி நேரத்துக்குப் பாதிச் சம்பளம். பழகிய ஆள் என்பதால் மேலே கொஞ்சம். நியாயமாகத்தான் பட்டது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. "சரி தம்பி" என்று எழுந்து போனார். அடுத்த மாதமே கம்பத்தில் ஒரு மொத்தக் கடையில் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, முழுச் சம்பளத்துக்கு மாதிரி மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் நாங்கள் இறக்கிய மல்லியில் ஒரு லோடு ஈரம். மேல்மூட்டைகள் நன்றாக இருந்தன. உள்ளே போகப் போகப் பூசணம். புதிதாக வந்த பையன் மேல்மூட்டையில் மட்டும் கை விட்டுப் பார்த்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அடி மூட்டையைக் குத்திப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பற்று வசூலும் அந்த வருடம் மந்தம். அண்ணன் கேட்டிருந்த முழுச் சம்பளத்தை நான்கு வருடம் கொடுத்திருந்தாலும் அந்த ஒரு லோடின் நட்டம் அளவுக்கு வந்திருக்காது. அரிசியை ஏலக்காய் விலைக்குப் போட்டுவிட்டோம்.

இதற்கு நேர்மாறான தவறையும் செய்தோம். உறவில் பெரியவர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சம்பளமாக அவர் வாங்கியது சொற்பம். வெற்றிலைச் செலவுக்கு என்றுதான் சொல்வார். கண் மங்கி, கணக்குத் தடுமாறியபோதும் எழுந்திருக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சொற்பத் தொகைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம். கடையில் எட்டு வருடமாக வளர்ந்த பையன் ஒருவன், கல்லா தனக்கு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். வராது என்று தெரிந்ததும் போய்விட்டான். இப்போது இதே வீதியில் அவனுக்குச் சொந்தக் கடை. நல்ல வியாபாரம். நன்றாக இருக்கட்டும். பெரியவருக்குக் கொடுத்த சம்பளம் அந்த ஏற்பாட்டின் விலை இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, மறுபடி ஏலத்துக்கு வருவோம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் சென்னை அணி அஸ்வினை 9 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. அடிப்படை விலை 2 கோடி. 38 வயது. சென்னையில் பிறந்து, சென்னை அணியிலேயே 2015 வரை ஆடி, வெளியே போய்ச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய பிள்ளை. நமக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்னால் கணக்கைப் பார்த்தால் 9 ஆட்டம், 7 விக்கெட். விக்கெட் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கோடியே 39 லட்சம். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.-இலிருந்தே ஓய்வு அறிவித்தார். அவருடைய திறமையைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி இல்லை. டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவர். குற்றம் வாங்கியவர் பக்கம். அந்த ஏலத்துக்கு ஐந்து மாதம் முன்பே, அவர் சென்னை அணியின் பயிற்சி மையத்தோடு சேருகிறார் என்று செய்தி வந்துவிட்டது. இன்ன சரக்கு இவருக்குக் கட்டாயம் வேண்டும் என்று மண்டபம் முழுக்கத் தெரிந்த பிறகு ஏலத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதை நம் ஏலக்காய் வியாபாரிகளிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆசையை முகத்தில் காட்டியவர் கொடுத்த விலை அது. மிச்சமிருந்த ஏலக்காய்க்குப் பழைய அரிசி விலை.

அதே 2025 சீசனின் நடுவில், அடிபட்ட கெய்க்வாட்டுக்குப் பதிலாக மும்பையைச் சேர்ந்த ஆயுஷ் மாத்ரே என்ற 17 வயதுப் பையனை 30 லட்சத்துக்குச் சேர்த்தார்கள். ஏழே ஆட்டத்தில் 240 ஓட்டம். இதை வைத்து இளசு எல்லாம் லாபம், பழசு எல்லாம் நட்டம் என்று முடிவுகட்டவும் முடியாது. 2025 டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் அதே சென்னை அணி, இந்தியாவுக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இருவரை ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்து எடுத்தது. ஒருவருக்கு 20 வயது, மற்றவருக்கு 19. திராட்சையைப் பூவிலேயே விலைபேசி முன்பணம் கொடுக்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. மழை, பனி, நோய் எல்லாவற்றையும் தாண்டிக் கொத்து கைக்கு வந்தால் ராஜா. வராவிட்டால் அடுத்த வருடம் முழுக்கக் கடன். பழைய ஆளிடம் ஒரு சௌகரியம் இருக்கிறது: அவருடைய குறை என்னவென்று நமக்கே தெரியும்.

இப்போது ஜடேஜா. குமுளி அண்ணாச்சி கொதித்த கணக்கு. 2012-இல் சென்னைக்கு வந்தவர். 2023 இறுதி ஆட்டத்தில் அகமதாபாத்தில், கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் தேவை என்ற நிலையில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்துக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர். தோற்ற 2025 சீசனிலும் 301 ஓட்டமும் 10 விக்கெட்டும் எடுத்தார். அவரையும், 2 கோடியே 40 லட்சத்தில் இருந்த இங்கிலாந்துக்காரர் சாம் கரனையும் கொடுத்துவிட்டு, ராஜஸ்தானிடமிருந்து சஞ்சு சாம்சனை 18 கோடியில் வாங்கிக்கொண்டார்கள். சாம்சன் விக்கெட் கீப்பர்; அப்போதுதான் 31 முடிந்தவர். ஜடேஜாவுக்கு 37 முடிய மூன்று வாரம் இருந்தது.

நமது எண்ணத்தில், இந்த மூன்று கணக்கிலும் உருப்படியானது இதுதான். 18 கோடி என்பது தக்கவைக்கும்போது அணி தானே எழுதிய தொகை, சந்தை சொன்னதல்ல. 14 என்பது வாங்குகிறவர், விற்கிறவர், போகிறவர் மூவரும் ஒத்துக்கொண்ட தொகை. அவருக்கும் அவமானம் இல்லை. 2008-இல் ஷேன் வார்ன் தலைமையில் கோப்பை வென்ற தன் முதல் அணிக்கே திரும்புகிறார். சென்னைக்கும், தோனிக்குப் பின்னால் கையுறை மாட்ட ஓர் ஆள் கிடைத்தது. ஐந்து வருடம் முன்பே தேட ஆரம்பித்திருக்க வேண்டிய ஆள். அதே நாளில் வந்த பட்டியலில், 44 வயதான தோனியை அதே 4 கோடிக்கு 2026-க்கும் வைத்துக்கொண்டார்கள். சாம்சன் வந்த பிறகு அந்த 4 கோடியின் குணமே வேறு. இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு பேரை மட்டும் வைத்திருக்க வழி பிறந்துவிட்டது. அந்த வழியில் நடப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஒப்பந்தத்தின் நீளமும் விலையில் சேர்த்திதான். அமெரிக்காவில் கால்பந்து என்று ஒன்று ஆடுகிறார்கள். பேர்தான் கால்பந்து, பந்து எப்போதும் கையில்தான். தூரத்திலிருந்து வீசும் பந்தை ஓடிப் பிடிப்பதற்கென்றே தனி ஆட்கள். அவர்கள் பிழைப்பு முழுக்கக் காலில் இருக்கிறது. லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் அரிசோனா அணியில் 2004 முதல் 2020 வரை பதினேழு சீசன் அந்த வேலை பார்த்தார். இளமையில் பல ஆண்டுக்குச் சேர்த்து எழுதிய ஒப்பந்தம். கடைசி மூன்று சீசனும் ஒவ்வோர் ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டது. அங்கேயும் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பெரியவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் வேறொருவர் இலையிலிருந்து எடுத்ததுதான். ஆகவே விலையைக் கெடுபிடியாகக் குறைக்காமல், காலத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் மரியாதையான ஏற்பாடு.

நம் ஊருக்கு மேலே மலையில் இருப்பது இதற்கு நேர் எதிரான ஒப்பந்தம். 1886 அக்டோபர் 29-இல் சென்னை அரசாங்கமும் திருவிதாங்கூரும் எழுதிய பெரியாறு குத்தகை: 999 வருடம், 8000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டுகிற அணைக்கு அப்படி எழுதலாம். அதையே 1970-இல் பிரித்து ஏக்கருக்கு 30 ரூபாய் என்று திருத்த வேண்டியிருந்தது. முழங்காலை நம்பிப் பிழைக்கிற மனிதருக்கு ஒரு வருடம் என்பதே போதுமான நீளம்.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். பழைய உழைப்புக்கான நன்றியை அடுத்த வருடச் சம்பளத்தில் ஒளித்துக் கொடுப்பது நம் வழக்கம். அதனால் சம்பளமும் சரியாக இருப்பதில்லை, நன்றியும் தெரிவதில்லை. சட்டம் இதை எப்போதோ பிரித்துவிட்டது. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகளில், ஐந்து வருடம் முடித்துப் போகிறவருக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்கு வகுத்தது. நம் கடைகளில் பெரும்பாலும் நாலைந்து பேர்தான். சட்டம் நம்மைத் தொடாது. தொடாவிட்டால் என்ன? முப்பது வருடம் நின்றவருக்கு முப்பது பதினைந்து நாட்களைக் கணக்கிட்டு, கவரில் போட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு கொடுத்துவிட்டால் அந்தப் பக்கம் தீர்ந்தது. பிறகு உட்கார்ந்து, இனி அவரால் கடைக்கு என்ன வரும் என்று மட்டும் பேசலாம். எங்கள் அண்ணனிடம் நாங்கள் அப்படிப் பேசியிருந்தால், அந்த நாற்காலியைக் கம்பத்துக்காரர் போட்டிருக்கமாட்டார்.

அந்தக் கடையிலும் இப்போது அண்ணன் இல்லை, வீட்டோடு இருக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தோம். ஜடேஜா விஷயத்தை அவரிடமும் சொன்னோம். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது. "பதினாலு கோடிக்கு எடுத்தவன் மாதிரி பாத்துத்தான எடுத்திருப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் கடையில் இன்னொருவருக்கு இந்தப் பங்குனியோடு இருபத்தாறு வருடம் ஆகிறது. கணக்கு எழுதுகிறவர். கம்ப்யூட்டர் பில் வந்த பிறகு அவருக்கு வேலை குறைவு. ஆனால் மதுரைக் கீழமாசி வீதியில் எந்த மொத்தக் கடைக்கு அவர் போன் செய்தாலும் எங்களுக்குக் கூடுதலாகப் பத்து நாள் தவணை கிடைக்கிறது. புதுக்கணக்குப் போடும் முன் அவரை உட்காரவைத்துப் பேசப்போகிறோம். பக்கத்தில் அந்த இளைய பையனும் இருப்பான். தொகையை இந்த முறை அவரையே முதலில் சொல்லச் சொல்வதாக இருக்கிறோம்.